மட்டிக் கஞ்சி

உப்புமா தாளிக்கிற வாசனை தெருமுனை வரை துரத்திக்கொண்டு வருகிறது. இது வியட்நாம். ஹூவே என்று ஊருக்குப் பெயர். ராஜாக்கள் இருந்து ஆண்ட ஊர், நடுவில் ஆறு ஓடுகிறது, விடிந்ததும் விடியாததுமாகத் தெருவெல்லாம் அடுப்பு, அடுப்பிலெல்லாம் கொதிக்கிற பானை. எங்கள் கூட்டமோ ஓட்டலின் பின்பக்கம் வரிசையில் நின்று ரவை உப்புமாவும் தேங்காய்ச் சட்னியும் வாங்கிக்கொண்டிருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து சமையல்காரரைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார்கள். 'வெளிநாட்டிலும் நம்ம வீட்டுச் சாப்பாடு' என்று டூர்காரன் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், அதைப் பார்த்துத்தான் முக்கால்வாசிப் பேர் சேர்ந்தார்கள். கடல் தாண்டி வந்தது எதற்கு, உப்புமா தின்பதற்கு. சரி, தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. சாப்பிடுவதற்கு உப்புமா, போட்டோவுக்கு மட்டும் இந்த ஊர்ச் சாப்பாடு. ஹனோயில் பார்த்தேனே. ஜெயக்கொடி அண்ணாச்சி, சங்கரன்கோவிலில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர், கூட்டம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கினார். பெயர் வைக்கிற வீட்டில் குழந்தையை ஆளுக்குக் கொஞ்ச நேரம் மடியில் வாங்கிக்கொள்வார்களே, அந்த மாதிரி கிண்ணம் கை மாறிக்கொண்டே போனது. குச்சியைப் பிடிக்க வேண்டியது, வாயை ஆவென்று திறக்க வேண்டியது, "எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் தள்ள வேண்டியது. ஒரு இழை உள்ளே போகவில்லை. ஆறிப்போய் எண்ணெய் படிந்த கிண்ணத்தை மேஜையில் அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். கடைக்காரியின் முகத்தை நான் பார்த்தேன், இவர்கள் யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் குரூப்பில் படம் வந்தது, 'வியட்நாம் ஸ்பெஷல், செம டேஸ்ட்' என்று. த்தூ. இந்த ஜனங்களோடு ஒரே பஸ்ஸில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் அப்படி இல்லை. நான் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்க்காரன் குந்தி உட்கார்ந்து தின்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, அவனோடு குந்தி, படம் எடுத்து, பிறகு வழித்துத் தின்கிறவன். தின்கிறவன் என்று ஏன் சொல்கிறேன், தின்றவன். இப்போது அந்தப் பேச்சு எதற்கு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, வேலையைப் பார்.

வேலையைப் பார்க்கலாம் என்றால் பின்னால் செருப்புச் சத்தம். உலகம்மை. இத்தனை நாள் உப்புமா வரிசையில் முதல் ஆளாக நிற்கிற என் மனைவி இன்றைக்குப் பார்த்து, "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். "நீ எதுக்கு? அங்க உனக்கு ஒண்ணும் கெடைக்காது" என்றேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம். சும்மா வாரேன்" என்றாள். சும்மா வருகிறாளாம். இவள் சைவம் லேசுப்பட்ட சைவம் இல்லை, முட்டை போட்ட கேக்கை வெட்டிய கத்தியை மூன்று தண்ணீரில் கழுவி வைத்தாலும் தொடமாட்டாள். பம்பாய் ஆபீசில் இருந்த காலத்தில் நான் மீனும் கறியும் பழகியதை இன்றுவரை 'வெளியில சாப்பிடுறது' என்பாளே தவிர வாயால் பெயரைச் சொன்னதில்லை. வெளியூர் என்றால் அவளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாட்டில் பருப்புப்பொடி. உலகத்தையே அந்தப் பருப்புப்பொடி பாட்டிலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற ஜென்மம். அவளோடு குடும்பம் நடத்தியதில் ருசியைப் பற்றி ஒரு நாள் ஒரு வார்த்தை பேச முடிந்திருக்கிறதா? "உப்பு போதுமா?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவளுக்கு ருசி. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் எப்படி, வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம், அவள் ஆற்றைப் பார்க்கும்போது கொட்டிவிடலாம். சாக்கடை காலடியில்தான் ஓடுகிறது. ஹனோயிலும் மிச்சத்தை அப்படித்தான் கொட்டினேன், யார் கண்டார்கள். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூல்கள். நான் உட்கார்ந்தேன். அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்டூலை ஒரு தடவை பார்த்து, என்னை ஒரு தடவை பார்த்து, பிறகு உட்கார்ந்தாள். பானையின் பின்னால் இருக்கிறவள் உலகம்மை வயதுதான் இருப்பாள், தலையில் கூம்புத் தொப்பி, வாயில் எப்போதும் ஒரு அதட்டல். அகப்பையால் கலக்கிவிட்டு ஊற்றினாள். மட்டிக் கஞ்சி. ஆற்று மட்டி, சின்னச் சிப்பி, சுண்டுவிரல் நகம் அளவுதான் சதை, அதை அரிசிக் கஞ்சியில் போட்டு, மேலே வறுத்த வேர்க்கடலை, பொரித்த சின்ன வெங்காயம், ஏதோ ஒரு கார வாசனை உள்ள இலை. ஆவி எழும்புகிறது. இந்த ஆவியைப் பிடிப்பதுதான் வித்தை. பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும், கிண்ணத்துக்குப் பின்னால் நிழல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி படத்தில் விழாது. கிண்ணத்தை ஒரு விரல் நகர்த்தினேன். ஒரு கடலையைத் தள்ளி இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கஞ்சிக்காரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பார்க்கட்டும். எல்லா ஊரிலும் இவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள், பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நாம் எப்படிப் பிடிக்கிறோம் என்று பார்க்கிற மாதிரி.

படத்தை முகநூலில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆகா ஓகோ என்று வந்து விழும். 'ஆசியாவின் கஞ்சிகள்' என்று நான் எழுதுகிற தொடர். வருகிற வழியில் தாய்லாந்துக் கஞ்சி போட்டேன், ஹனோய்க் கோழிக் கஞ்சி போட்டேன். 'எத்தனையோ பேர் பிரியாணி பின்னால் ஓடுகையில் கஞ்சியில் கண்டம் கண்ட சார் வாழ்க' என்று கோவில்பட்டிக்காரன் ஒருவன் எழுதியிருந்தான். 'எளிமையின் உச்சம்' என்று ஒரு தமிழ் வாத்தியார். அட முட்டாள்களா. எளிமையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. வேறு எதுவும் இறங்கவில்லையடா. சித்திரையில் முதலில் இட்லி நின்றது. நெஞ்சுக் குழிக்கு மேலே, இதோ, இந்த இடத்தில். தண்ணீர் குடித்தேன், போய்விட்டது. அவசரமாகத் தின்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தோசை. பிறகு சோறு. பிசைந்து, குழைத்து, மோர் விட்டு, மெதுவாக, மெதுவாக. தட்டில் இருப்பதை இவள் அடுக்களைக்குள் போகிற நேரம் பார்த்து வாசலில் நாய்க்குப் போட்டேன். நாய் என்னைக் கண்டாலே வாலாட்ட ஆரம்பித்துவிட்டது, காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அதன் மேல்கூட எரிச்சல். பாளையங்கோட்டையில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனேன். சின்னப் பையன், மீசை சரியாக முளைக்கவில்லை, "தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்துருவோம் சார், தள்ளிப் போடாதீங்க" என்றான். பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். எனக்குத் திரவியத்தைத் தெரியும். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரன். அவனுக்கும் இட்லியில்தான் ஆரம்பித்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், பார்த்த அன்றிலிருந்து அவன் ஆள் இல்லை, நோயாளி. வயிற்றில் ஓட்டை போட்டு, அதில் ஒரு குழாய் சொருகி, அவன் பெண்டாட்டி சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டிப் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி அந்தக் குழாயில் தள்ளுவாள். வாய் சும்மா இருந்தது. நான் போயிருந்த அன்று வீட்டில் வடை சுட்டார்கள் போலிருக்கிறது, வாசனை வந்தது, திரவியம் கண்ணை மூடிக்கொண்டு மூக்கை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான். அதற்கப்புறம் நான் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஆகையால் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கஞ்சி இறங்குகிற வரைக்கும் நான் திரவியம் இல்லை. கஞ்சி இறங்குகிறது, ஆகையால் ஒன்றும் இல்லை, வாய்வு. முந்தாநாள் கஞ்சி கொஞ்சம் நின்றது. நின்று, பிறகு இறங்கியது. நேற்று நான் பாலைத் தவிர எதையும் தொடவில்லை, வேண்டுமென்றேதான் தொடவில்லை, தொட்டால் தெரிந்துவிடுமே. இன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் தனியாக வரப் பார்த்தேன். இவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள், சாமி ஊர்வலம் பார்க்க வந்தவள் மாதிரி. தின்ன முடிகிறவர்கள் எல்லாம் உப்புமாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். இதை வழித்துத் தின்ன ஆசைப்படுகிறவனுக்குத் தொண்டை அடைக்கிறது. யாரைத்தான் வெறுக்காமல் இருப்பது?

"சாப்பிடலையா?" என்றாள் உலகம்மை. "ஆறட்டும்." "ஆறிப் போச்சே, ஆவியைக் காணுமே." ஆவியைப் பார்த்துக்கொண்டா இருந்தாள் இவள்? ஆற்றைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். கரண்டியை எடுத்தேன், வைத்தேன், காமிராவில் எடுத்ததைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன். அந்த நேரம் பார்த்து, "அந்தா இருக்காரு சாரு!" என்று ஒரு சத்தம். ஜெயக்கொடி அண்ணாச்சியேதான், பின்னால் அவர் சம்சாரம் பேச்சியம்மாள், அவர்களோடு பஸ்ஸில் முன்சீட்டுக் கும்பல். உப்புமா வேலை முடிந்துவிட்டது, இனிமேல் போட்டோ வேலை. "சார், நல்ல எடமாப் பாத்து உக்காந்துட்டியளே, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்று சொல்லிக்கொண்டே என் கிண்ணத்தை, என் கிண்ணத்தை, தூக்கிவிட்டார். "ஒரு நிமிசம் சார், அப்படியே தந்துருதேன்." கிண்ணம் கிளம்பிவிட்டது. நான் இடம் பார்த்து வைத்த கடலை சரிந்து இலையோடு முழுகியது. "குச்சி எங்க? குச்சி வேணும்லா?" என்றார். "அண்ணாச்சி, கஞ்சிக்குக் குச்சி கிடையாது. கரண்டிதான்" என்றேன். "அதெப்படி சார், கரண்டியால குடிச்சா நம்ம ஊரு கஞ்சி மாதிரில்லா தெரியும்? ஊர்ல எவன் நம்புவான்?" பக்கத்துக் கடையிலிருந்து குச்சி வந்தது. கஞ்சியைக் குச்சியால் தூக்குகிறார்கள். தூக்கினால் என்ன வரும், ஒழுகுகிறது. ஒழுகுகிற குச்சிக்கு நேராக வாயைத் திறந்து ஒவ்வொருத்தராகப் பல்லைக் காட்டுகிறார்கள். கஞ்சிக்காரி முதலில் சிரித்தாள், பிறகு அதட்டினாள், பிறகு அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஒழுகட்டும், கீழே விழட்டும், கிண்ணம் காலியானால் நான் தப்பித்தேன். இந்த மூடர்களால் எனக்கு ஒரு நன்மை. ஆனால் அவர்களுக்கு நன்மை செய்யத் தெரியுமா? சுற்றி முடித்து அண்ணாச்சி கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார், கரண்டியையும் கொடுத்தார், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "சார், நாங்கதான் சும்மா போஸ் குடுத்தோம். நீங்க நெசமாவே சாப்பிடுற ஆளு. ஒரு வாய் சாப்பிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க, வீடியோவா போட்டுருவோம். உங்க பேரைச் சொன்னா நம்புவாங்க." எல்லாப் போனும் என் பக்கம் திரும்பியது. உலகம்மையும் என்னைத்தான் பார்த்தாள். போனில்லாமல் பார்த்தாள்.

ஒரு வாய். ஒரு வாய்தானே. அரைக் கரண்டி எடுத்தேன். ருசி வந்தது, அதுதான் கொடுமை, நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, மட்டியின் உப்பும் ஆற்று வாசனையும் வெங்காயத்தின் இனிப்பும் எல்லாம் வந்தது, எச்சில் ஊறியது, விழுங்கினேன். போகிறது, போகிறது, நின்றுவிட்டது. அதே இடம். இறங்கு. அண்ணாச்சி, "எப்படி சார்?" என்கிறார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "காரமா சார்?" தலையாட்டினேன். இன்னொரு விழுங்கு விழுங்கினால் எச்சில் மட்டும் போய் அதன் மேல் நிற்கிறது. கிணற்று உறையில் கல் மாட்டின மாதிரி, கீழேயும் இல்லை மேலேயும் இல்லை. இறங்கு சனியனே, கஞ்சிதானே நீ, கஞ்சிகூட இறங்காதா, கஞ்சி இறங்காவிட்டால் நான் யார்? திரவியம். திரவியம். மூச்சை அடக்கினேன். "இன்னொரு வாய் சார், முகம் சரியா விழலை." மேலே வரப் பார்க்கிறது. எல்லார் முன்னாலும் வந்துவிடப் போகிறது, வீடியோவில் வந்துவிடப் போகிறது, சாயங்காலம் சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் போய்விடப் போகிறது. அப்போதுதான் கிண்ணம் என் கையைவிட்டுப் போனது. "இங்க கொண்டாங்க" என்றாள் உலகம்மை. கரண்டியையும் பிடுங்கினாள். எச்சில் கரண்டி. நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"யக்கா!" என்று பேச்சியம்மாள் கத்திவிட்டாள். "மட்டிலா கெடக்கு அதுல! நீங்க சாப்பிட மாட்டியள்லா!" "கெடக்கட்டும்" என்றாள் உலகம்மை வாய் நிறைய வைத்துக்கொண்டு. மென்றாள். மட்டியில் மண் இருந்திருக்கும், நறநறவென்று ஒரு சத்தம். விழுங்கிவிட்டு அடுத்த கரண்டி. போன்கள் எல்லாம் என்னை விட்டுவிட்டு அவளிடம் போய்விட்டன. "ஏ, அக்கா சாப்பிடுதாங்க ஏ, எடு எடு!" "மதினி, இங்க பாருங்க, இந்தப் பக்கம்!" "எப்படி இருக்கு மதினி?" கஞ்சிக்காரிக்கும் குஷி வந்து இன்னும் கொஞ்சம் வெங்காயத்தைக் கிண்ணத்தில் தூவினாள். நான் ஸ்டூலிலிருந்து சரிந்து சாக்கடைப் பக்கம் குனிந்தேன். வந்துவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. அதற்காகத்தான் அவள் சாப்பிடுகிறாள் என்பது குனிந்திருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கேக் வெட்டிய கத்தியைக்கூடத் தொடாதவள். நான் நிமிர்ந்து வாயைத் துடைக்கிற வரைக்கும் அவள் நிறுத்தவில்லை, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். இத்தனை காலமும் ருசி தெரியாத ஜென்மம் என்று நான் எடை போட்டு வைத்திருந்தவள். என் எடைக்கல்லைத் தூக்கித் தூரப் போட வேண்டும்.

ஆற்றில் படகு ஏற நேரமாகிவிட்டது என்று கூட்டம் கலைந்தது. "சார், அக்காதான் இன்னைக்கு ஹீரோ" என்று அண்ணாச்சி போகிற போக்கில் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர்கள் முனை திரும்புகிற வரைக்கும் உலகம்மை உட்கார்ந்திருந்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நான் குனிந்த அதே இடத்தில் குனிந்து, எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். கஞ்சிக்காரி பதறிப்போய் ஓடி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் கொடுத்தாள். உலகம்மை வாயைக் கொப்பளித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, திரும்ப வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இறங்கலையா?" என்றாள். பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. "இறங்கலை" என்றேன். "எத்தன நாளா?" "சித்திரையிலேருந்து." "பெல்ட்டுல நீங்களா ஓட்டை போட்டு இறுக்கினதைப் பாத்தேன். சுகர்தான் கூடிப்போச்சு, நம்மகிட்ட மறைக்காங்க போலன்னு நெனச்சேன். இங்க வந்து எதைத்தான் சாப்பிடுதியன்னு பாக்கத்தான் வந்தேன்." அவள் கண் என் பெல்ட்டுக்குப் போனது. "டாக்டர்ட்ட காமிச்சியளா?" "காமிச்சேன். குழாய் விட்டுப் பாக்கணும்னான்." "அதுக்கு?" நான் காமிராவைப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "அதுக்குத்தான் ஒக்காந்து காமிராவுக்கு லென்ஸ் பாத்துக்கிட்டு இருந்தியளாக்கும்." கோபம். என் மேல் இப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பதிலுக்கு எரிந்து விழுவதுதான் என் வழக்கம், வாயைத் திறந்தேன், வந்தது வேறு. "பயமா இருக்கு உலகு" என்றேன். "திரவியம் மாதிரி ஆயிருவேன்."

அவள் எழுந்து பானையிடம் போனாள். கஞ்சிக்காரியிடம் தமிழிலேயே, "மேலாப்ல தெளிவு மட்டும் எடு தாயி, கீழ கலக்காத" என்றாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, அகப்பையைச் சாய்த்துப் பருக்கை வராமல் தெளிந்த தண்ணீரை மட்டும் ஒரு கிண்ணத்தில் மொண்டு கொடுத்தாள். உலகம்மை அதை ஊதி ஆற்றிக் கரண்டியில் எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள், நடுத்தெருவில், ஆளும் ஸ்கூட்டருமாகப் போய்க்கொண்டிருக்கிற இடத்தில். வாங்கிக்கொண்டேன். விழுங்கினேன். இருவரும் காத்திருந்தோம். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கஞ்சிக்காரியும் அங்கேதான் பார்த்தாள். கொஞ்சம் நின்றது. பிறகு, மெதுவாக, போனது.

"இறங்குச்சா?"

"இறங்கிச்சு."

"சரி, இது இறங்குத நாள்லயே ஊருக்குப் போயிருவோம். டூர் மேனேஜர் தம்பிட்டச் சொல்லி இன்னைக்கே டிக்கெட்ட மாத்துவோம்." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "எந்திரிங்க."

எழுந்தேன்.